நிலத்தின் கணக்கை மக்கள் முன் வை!

தொழில் வளர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆலை வந்தால் வேலை வரும், தொழிலாளி வர்க்கம் பெருகும். ஆனால் தொழிலின் பெயரால் உழவனின் நிலத்தை எடுக்கும் சர்க்கார் ஸ்தாபனம், எடுத்த நிலம் என்னவாயிற்று என்று மக்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். இந்தச் சாதாரண நியாயத்தைத்தான் நமது ராஜ்யத்தில் ஆட்சியாளர்கள் மறுத்து வருகிறார்கள்.

1971-ல் சர்க்கார் துவக்கிய ஸ்தாபனம் சிப்காட். நிலத்தைச் சேர்ப்பது, ரோடும் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது, பிறகு 99 வருஷக் குத்தகைக்குக் கம்பெனிகளிடம் ஒப்படைப்பது, இதுதான் அதன் வேலை. நிலம் எடுக்க அதற்குத் துணை நிற்பது 1997-ம் வருஷத்திய தொழில் நில எடுப்புச் சட்டம்.

2013-ல் பார்லிமெண்ட் ஒரு புதிய நில எடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விவசாயிகள் ரத்தம் சிந்திப் போராடியதன் பலன் அது. நிலம் எடுக்குமுன் சமூகப் பாதிப்பு ஆய்வு நடத்த வேண்டும். ஊரில் பகிரங்க விசாரணை நடத்த வேண்டும். ஐந்து வருஷம் உபயோகிக்காத நிலத்தைச் சொந்தக்காரனிடமோ சர்க்காரின் நில வங்கியிடமோ திருப்ப வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. மூன்று வருஷம் அந்த நிலத்தில் பாடுபட்டுப் பிழைத்த விவசாயத் தொழிலாளியின் குடும்பமும், குத்தகைதாரனின் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்றும் ஒப்புக்கொள்கிறது.

தமிழ்நாட்டு ஆட்சியாளர்கள் செய்ததென்ன? 2014-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, 1997-ம் வருஷச் சட்டம் உள்பட மூன்று ராஜ்யச் சட்டங்களுக்கு இதிலிருந்து விலக்குப் பெற்றார்கள். நஷ்டஈடும் மறுவாழ்வும் மத்தியச் சட்டப்படி என்றார்கள். ஆய்வையும் விசாரணையையும் நிலத்தைத் திருப்பும் விதியையும் விட்டுவிட்டார்கள். 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் இது செல்லாது என்றது. அதே வருஷத்தில் சட்டசபை மறுபடி சட்டம் செய்து, 2013-ம் வருஷம் முதலே செல்லும் என்று முன்தேதியிட்டது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. ஆட்சிகள் மாறின, சட்டம் மாறவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? பட்டா உள்ளவனுக்கு நோட்டீஸ் வரும், பணமும் வரும். பட்டா இல்லாத கூலிக்காரனுக்கு எது வரும்? பாதிக்கப்படும் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது சமூகப் பாதிப்பு ஆய்வின் வேலை. அந்த ஆய்வே இல்லையென்றால் நடவு நட்ட பெண்ணையும், களத்தில் நெல் தூற்றியவனையும் யார் எண்ணுவார்கள்? எண்ணப்படாதவனுக்கு மறுவாழ்வு காகிதத்தில்கூட இல்லை.

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதைச் செய்யாறு காட்டியது. அங்கே சிப்காட் விஸ்தரிப்புக்காக 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை மேல்மா வட்டாரத்துக் கிராமத்தார் எதிர்த்தார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே முதலில் ஆறு பேர் மீதான உத்தரவை சர்க்கார் வாபஸ் வாங்கியது. அதே வருஷம் ஏப்ரலில், பெரிய திட்டங்களுக்காக நிலங்களை ஒருங்கிணைக்கும் மசோதா சட்டசபையில் விவாதமின்றியே நிறைவேறியது.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நிலம் பெற்ற நோக்கியா கம்பெனி 2014 நவம்பர் முதல் தேதி கதவை மூடியது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள். நிலம் கொடுக்கும்போது எத்தனை பேருக்கு, எத்தனை வருஷம் வேலை என்று கண்டிப்பான நிபந்தனை விதித்து, அதை மக்கள் கண்காணித்தால்தான் இந்த அநியாயத்துக்குக் கடிவாளம் போட முடியும். நிலமிழந்த விவசாயியின் மகனும் வேலையிழந்த தொழிலாளியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

தணிக்கை இல்லையா? இருக்கிறது. இந்தியத் தணிக்கை அதிகாரி 2014-ல் கொடுத்த ரிப்போர்ட், நாட்டின் விசேஷ பொருளாதார மண்டலங்களுக்கென அறிவிக்கப்பட்ட சுமார் 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் வேலை துவங்கியது என்று அம்பலப்படுத்தியது. சட்டசபைக்குப் பொது நிறுவனங்கள் குழுவும் உண்டு. ஆனால் இவையெல்லாம் நிலம் கைமாறிய பின் நடக்கும் பிரேதப் பரிசோதனை. உயிர் இருக்கும்போதே வைத்தியம் வேண்டும் என்கிறோம்.

ஆகவே நாம் கோருவது: ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் எடுத்த நிலம், குத்தகைக்கு விட்ட நிலம், சும்மா கிடக்கும் நிலம், கொடுத்த வேலை ஆகியவற்றை வருஷந்தோறும் சர்வே எண்ணோடு வெளியிடு! கிராமசபையின் விசாரணையின்றி நிலம் எடுக்காதே! ஐந்து வருஷம் கிடந்த நிலத்தைத் திருப்பிக் கொடு! விவசாயத் தொழிலாளரை எண்ணி, மறுவாழ்வு கொடு! நிர்வாகக் குழுவில் விவசாயிகள், தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் கொடு!

இந்தக் கோரிக்கைகளைக் கிராமசபைகளில் தீர்மானமாக்குங்கள். சங்கக் கூட்டங்களில் விவாதியுங்கள். வயலும் ஆலையும் கைகோத்தால் எந்தக் கணக்கையும் மறைக்க முடியாது.