கையில் ஒட்டும் சர்க்கரைமானி

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய். லோபாக்கில் அது நுழையாத வீடு ஏது? இப்போது புயத்தில் ஒட்டும் சர்க்கரைமானி வந்துள்ளது. வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, அது இரத்தத்தை அளப்பதில்லை! தோலடி நீரிலுள்ள சர்க்கரையையே அளக்கிறது. ஆகவே 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். இன்சுலின் போட்டு, பசியாறாமல் நிரைக்குப் போனவருக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்குகையில், கருவி 5 எனக் காட்டலாம். இரத்தத்திலோ 4-க்கும் கீழே போயிருக்கும். கையில் பால்வெட்டுக் கத்தி! அப்புயத்தின்மேல் படுத்துறங்கினாலோ, இல்லாத இறக்கத்தைக் காட்டும். (தோலைத் துளைக்காமலே அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களை நம்பாதீர் என 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது, காசைக் கரியாக்க வேண்டாம்.) வியர்த்து நடுங்கினால் எண்ணைப் பார்த்து நிற்காதீர்கள். விரலில் குத்திப் பாருங்கள். அதற்கு வழியில்லையேல் உடனே சீனியை வாயில் போடுங்கள். மண்டோர் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.