பேசாத வேதாளம்

பிள்ளைகள் கதையில் வரும் பூ என்ற கரடியைக் கொலைகாரனாக்கிய ‘வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி’ படத்துக்கு 2024-இல் கோல்டன் ராஸ்பெரி அமைப்பு ஐந்து விருதுகளை ஒருசேரக் கொடுத்தது. மோசமான படம், மோசமான இயக்கம், மோசமான திரைக்கதை எல்லாம் அதில் அடக்கம். இனியாவது கடையைக் கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். விருது கொடுத்த அதே மாதம் இரண்டாம் பாகம் வந்தது. 2025-இல் பீட்டர் பேனும் மான்குட்டி பாம்பியும் கொலைப் படங்களுக்கு நாயகர்களானார்கள். போதாததற்கு, எல்லோரையும் ஒரே படத்தில் கூட்டி வைக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டார்கள். தோற்ற சரக்கையே தொடர் சரக்காக்கும் இந்த முடிவைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

பிள்ளைகள் கதையில் பேயும் ரத்தமும் வரலாமா என்பதல்ல நம் சண்டை. மானாம்பதி, உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரத்தில் யாரும் அப்படிக் கேட்கவும் மாட்டார்கள். அங்கே திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில், படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடை பிளக்கப்படுவதையும், பாஞ்சாலி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிவதையும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் பிள்ளைகள்தான். அதனால் யாரும் கெட்டுப்போனதில்லை. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகச் சூதாட்டமும் துகிலுரிதலும் சபதமும் நாள்கணக்கில் அவர்கள் காதில் ஏறியிருக்கின்றன. இந்த ரத்தம் எந்தக் கடனுக்காகச் சிந்துகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

பூ கரடி படத்தில் சிந்தும் ரத்தத்துக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? விலங்குகளைப் பார்த்துக்கொண்ட சிறுவன் கிறிஸ்டோபர் ராபின் வளர்ந்து படிக்கப் போய்விடுகிறான். சோறு போட ஆளில்லாமல் பூவும் மற்ற காட்டு விலங்குகளும் பட்டினி கிடந்து, கடைசியில் தங்களில் ஒன்றான ஈயோர் கழுதையையே தின்கின்றன. மனிதர்மேல் வெறுப்பு மூண்டு, இனி வாய் பேசுவதில்லை என்று சபதம் எடுக்கின்றன. நல்ல முடிச்சுதான், மறுப்பதற்கில்லை. வளர்த்தவன் கைவிட்டால் வளர்ந்தது என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆனால் அத்தனையும் ஆரம்பத்திலேயே கோட்டுச் சித்திரமாகச் சில நிமிடங்களில் ஓடி மறைகிறது. அதற்குப் பிறகு, ரப்பர் முகமூடி மாட்டிய இரண்டு ஆட்கள் ஒதுக்குப்புற வீட்டில் தங்க வந்த பெண்களை வரிசையாகக் கொல்வதுதான் படம். கட்டிப்போட்ட பெண்ணின் தலைமேல் கார் ஏறுகிறது, ஓட்டுவது கரடி. அங்கே கரடிக்குப் பதில் வேறு எந்த முகமூடியை உட்காரவைத்தாலும் காட்சி ஓர் இம்மிகூட மாறாது.

ஏ.ஏ. மில்ன் 1926-இல் எழுதிய கரடிக்கு வாய்தான் எல்லாம். நடக்கும்போதே பாட்டுக் கட்டி முணுமுணுக்கும். தனக்கு மூளை கொஞ்சம்தான் என்று தானே ஒப்புக்கொள்ளும். முயல் வளைக்குள் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வாசலில் மாட்டிக்கொள்ளும்போதும் சமாளித்துப் பேசும். அந்த வாயை அடைத்த நிமிடமே பூ கரடி செத்துப்போனது. விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். ‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக ராஜா நடக்கும் படம், எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறது. பயம் பிணத்தால் மட்டும் வரவில்லை. பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது, முடிவில் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் முருங்கை மரத்துக்கே திரும்பிவிடும். இந்த இக்கட்டில்தான் பிள்ளைக்கு வயிற்றைப் பிசைகிறது. வாயில்லாத வேதாளம் வெறும் சுமை. மில்னின் கரடியிடம் இருந்த ஒரே சொத்தைப் பிடுங்கிவிட்டு, பெயரை மட்டும் சுவரொட்டியில் ஒட்டினார்கள்.

சட்டம் அனுமதிக்கிறதே என்பார்கள். அனுமதிக்கிறதுதான். அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 அன்று மில்னின் அந்த 1926 புத்தகத்தின் காப்புரிமை முடிந்தது. டிக்கர் புலி 1928 புத்தகத்தில்தான் வருகிறது என்பதால் முதல் பாகத்தில் அதைத் தொடவில்லை. 2024 பிறந்ததும் இரண்டாம் பாகத்தில் இறக்கினார்கள். காலண்டரைப் பார்த்த அக்கறையில் கால்வாசி கதைமேல் இருந்திருக்கலாம். காசில்லை, ஒரு லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் பத்தே நாளில் எடுத்தது என்பது அடுத்த சமாதானம். புரிசைக் கூத்துக்காரர்களிடம் காசு எங்கே இருந்தது? கட்டை முடியும் அரிதாரமும் குரலும் வைத்துத்தானே விடிய விடிய ஊரை உட்காரவைத்தார்கள்? வசூல் 50 லட்சம் டாலரைத் தாண்டியதே என்பது கடைசி வாதம். குழந்தைப் பருவத்துப் பெயரைப் பார்த்து ஏமாந்து வந்தவர்களின் காசு அது.

இவர்களுக்கு இது புதிதும் அல்ல. இதே கூட்டம் 2021-இலேயே ஹம்ப்டி டம்ப்டியைப் பேய்ப் பொம்மையாக்கிப் பார்த்தது. எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? பூவின் இரண்டாம் பாகத்தில் செலவு கூடியது, முகமூடி மாறியது, கூடவே ஒரு கூத்தும் நடந்தது: முதல் பாகத்தில் நாம் பார்த்தது நிஜமல்ல, நடந்த கொலைகளை வைத்து யாரோ எடுத்த சினிமா என்று கதைக்குள்ளேயே கைகழுவிவிட்டார்கள். காசு கொடுத்துப் பார்த்தவனிடம் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. பீட்டர் பேன் பிள்ளை பிடிப்பவனானான். அவனுடைய தேவதை போதைக்கு அடிமையானாள். ஒரு சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொதுச் சொத்தாகிற பெயர்களுக்காக வாசலில் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் மறுபடி குடவோலைத் தேர்தலின் குடத்தில் இடக்கூடாது என்கிறது. சினிமாவில் அப்படி ஒரு விதி இல்லாததால், கணக்கே காட்டாதவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள்.

எல்லோரையும் கூட்டிவைக்கும் அந்தப் படத்தையாவது யாராவது தடுத்து நிறுத்தி யோசிக்கவைக்க வேண்டும். வாங்கி வெளியிடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். மில்ன் மறைந்தது 1956-இல். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற நம் சட்டப்படி 2017 முதலே இங்கும் அவர் எழுத்து பொதுச் சொத்து. பயமுறுத்தத் தெரிந்தவர்களுக்கு நம்மிடமும் பஞ்சமில்லை. யார் எடுத்தாலும் சரி, முதலில் அந்த 1926 புத்தகத்தை ஒரு முறை முழுசாகப் படித்துவிட்டு வரட்டும்.