முதுகு ஆடும் நாற்காலி

நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த எதிர் வீட்டுப் பாட்டிக்கு வயது 78. "உட்காருங்கள் பாட்டி" என்று கூடத்திலிருந்த மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டேன். பாட்டி 'அப்பாடா' என்று சாய்ந்தாரோ இல்லையோ, சாய்மானம் ஒரு பக்கம் கழன்று பின்னால் சரிந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் சுவர் இருந்தது!

"ஏண்டியம்மா, சுண்டல் கொடுக்கக் கூப்பிட்டாயா, மல்லாத்தக் கூப்பிட்டாயா?" என்று பாட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் என்ன கதி?

நாற்காலி ஒரு மாதமாகவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று அவரும், 'அவர் பார்ப்பார்' என்று நானும் இருந்துவிட்டோம். மறுநாள் காலை இருவருமாக உட்கார்ந்து ஆராய்ந்தோம்.

இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்யும் யோசனை, 1925-ல் ஜெர்மனியில் மார்செல் பிராயர் என்பவருக்குத் தம் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துத் தோன்றியதாம். அந்தக் குழாய் லேசில் சளைக்காது. இரும்பும், மெத்தைக்குள் இருக்கும் பலகையும் சம்பந்திகள் மாதிரி. நடுவே நிற்கும் திருகாணி தளர்ந்தால்தான் தகராறு.

பழைய புடவையை விரித்து, மெத்தைப் பக்கம் கீழே இருக்கும்படி நாற்காலியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். திருப்புளியால் ஒவ்வொரு ஆணியையும் திருகிப் பாருங்கள்.

இறுகுகிறதா? கவலை இல்லை. கழற்றி, தலைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டு மாட்டுங்கள். எல்லா ஆணிகளையும் பாதி வரை கையால் திருகிய பிறகே, மாற்றி மாற்றி இறுக்கவேண்டும். ஒன்றை மட்டும் முதலில் முடுக்கினால் மற்றது துளைக்கு நேரே வராது.

கூர்முனையுள்ள மரத் திருகாணி இறுகாமல் சும்மா சுற்றுகிறதா? பலகையில் துளை தேய்ந்துவிட்டது. ஊதுவத்தி எரிந்து மீந்த மூங்கில் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் திணியுங்கள். ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டுப் பழைய ஆணியையே திருகுங்கள். நீளமான ஆணி போடும் ஆசை மட்டும் வேண்டாம்! அது மெத்தையைத் துளைத்து முதுகைப் பதம் பார்க்கும்.

முனை மழுங்கிய போல்ட் சும்மா சுற்றினால், பலகைக்குள் பதித்திருக்கும் மரை கழன்றிருக்கும். ரெக்ஸின் உறையின் கீழ் ஓரத்தில் உள்ள பின்களை மெல்ல நெம்பி, உறையைத் தூக்கிப் பாருங்கள். மரையின் விளிம்பில் பசை தடவி, தட்டிப் பதியுங்கள். திருகும் புரியில் பசை படக்கூடாது. பலகையே பிளந்திருந்தால், அதை மாதிரியாகக் கொடுத்துப் புதுப் பலகை அறுத்து வாங்குங்கள்.

குழாய் ஒட்டிய இடத்தில் விரிசல் தெரிந்தால் நம் கைவைத்தியம் பலிக்காது. வெல்டிங் கடைதான் வழி. மெத்தையைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

எங்கள் நாற்காலிக்குத் தேவைப்பட்டது நான்கு வாஷரும் மூன்று ஊதுவத்திக் குச்சியும்தான்.

தீபாவளிக்குப் பாட்டி மறுபடி வந்தார். சாய்மானத்தைக் கையால் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்தப் பரீட்சையை மாதம் ஒரு முறை நாமே செய்துவிட்டால், வருகிறவர்கள் நிம்மதியாகச் சாயலாம், இல்லையா?