வானத்தைத் திருத்தலாமா?

ஒரு நட்சத்திர மண்டலம் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதைப் பார்த்திருக்க யாருக்கு ஆயுள் உண்டு?

1941-ல் சுவீடன் விஞ்ஞானி எரிக் ஹோல்ம்பெர்க் ஒரு யுக்தி செய்தார். 74 மின்சார விளக்குகளை இரண்டு மண்டலங்களாக வைத்தார். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். ஈர்ப்புச் சக்தியும் அப்படியே! வெளிச்சத்தை அளந்து, அதன்படி விளக்குகளை நகர்த்தினார். நெருங்கிய மண்டலங்களில் சுருள் கரங்கள் தோன்றின!

2005-ல் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் இந்த வேலையைச் செய்தது. விளக்குகளுக்குப் பதில் 1,000 கோடி கணக்குப் புள்ளிகள்! சுமார் 2 கோடி மண்டலங்கள் உருவான விதத்தை அது காட்டியது.

கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கா? இல்லை. அதை உண்மை வானத்தோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் கணக்கைத் திருத்துகிறார்கள், வானத்தை அல்ல!

தவறை ஒப்புக்கொள்பவனே அறிவாளி.