சாராய ஆலையில் பார்க்க வேண்டிய பொட்டாஷ்

ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறை செல்லும் சோமனூர் வட்டார விவசாயிகள், முன் அனுமதி பெற்று, பக்கத்து ஆப்பக்கூடலில் சர்க்கரை ஆலையை ஒட்டிய சாராய ஆலையையும் பார்த்து வருவது நல்லது. (வாடை அடிக்கும், கையில் துண்டு இருக்கட்டும்.) முகம் சுளிக்க வேண்டியதில்லை. அங்கே பார்க்க வேண்டியது பொட்டாஷ்.

ஒரு டன் கரும்பில் சுமார் 45 கிலோ கழிவுப்பாகு கிடைக்கிறது. அதில் ஏறத்தாழ 10 லிட்டர் சாராயம் வடிகிறது. லிட்டருக்கு 10 முதல் 15 லிட்டர் வரை காப்பி நிறக் கழிவுநீர் மிஞ்சுகிறது. கரும்பு மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்து இதில் நிறையவே தேங்கி நிற்கிறது.

அதற்காக, சுத்திகரிக்காத கழிவுநீரை இலவசமாகவே கொடுத்தாலும் வயலில் விடக் கூடாது. அமிலமும் உப்பும் கிணற்றைக் கெடுத்துவிடும். நொய்யலில் சாயத் தண்ணீர் செய்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரஸ்மட்டுடன் மக்கவைத்த உரம் வேறு, அது நல்லது. சில ஆலைகள் கழிவுநீரைச் சுண்டவைத்து எரிக்கின்றன. அந்தச் சாம்பலில் 14.5 சதம் பொட்டாஷ் இருக்க வேண்டுமென்று 2021இல் மத்திய அரசு விதித்து, மானியமும் அறிவித்தது. பொட்டாஷுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாட்டுக்கு இது தேவைதான். ஆனால் விலை?

தென்னை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ மூரேட் பொட்டாஷ் பரிந்துரை. அதற்கு ஈடாக இச்சாம்பல் எட்டேகால் கிலோ வேண்டும். மூரேட் விலையில் கால் பங்குக்கு மேல் கேட்டால் கட்டுபடியாகாது.