உயர்ந்த வண்டியும் அன்னையின் முதுகும்

மணல் வழியில் அடி தட்டாதிருக்க வேண்டுமென்று நம் பழைய ஜீப்பின் விற்களில் கனத்த தகடுகளைக் கூட்டி, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினோம். கண்டோர் வியந்தனர். ஆனால், மன்னாரிலிருந்து தாம்போதி கடந்து திருக்கேதீச்சரம் சென்று மீண்ட அன்னையார், "இனி நான் பஸ்ஸிலை போறன், தம்பி" என்றார். பூத்தட்டு வழியிலேயே கொட்டியிருந்தது.

பிழை உயரத்தில் இல்லை, விறைப்பில் இருந்தது. கனத்த தகடு எளிதில் வளையாது. கடற்காற்றில் துருவேறிய தகடுகளோ ஒன்றன்மேல் ஒன்று வழுக்கமாட்டா. பழைய ஷொக் அப்சோபர்களுக்கு நீளம் போதாமையால், பள்ளந்தோறும் அவை முழுதும் நீண்டு 'டக்'கென இடித்தன.

கூட்டிய தகடுகளைக் கழற்றினோம். மெல்லிய தகடுகளைச் சற்று மிகுதியாக வளைத்து, கிறீஸ் பூசி அடுக்குவித்தோம். உயரத்திற்கேற்ற நீண்ட ஷொக் அப்சோபர்களையும் பொருத்தினோம். மணலில் ரயரின் காற்றைக் குறைத்து, தார் வீதி வந்ததும் மறவாது நிரப்புகிறோம்.

பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த ரயரைச் செய்தது, தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகவே. தந்தை மகனுக்கு நினைந்ததை, நாம் தாய்க்கு நினையாது போனோம்.

சென்ற வெள்ளியன்று அன்னையார் மீண்டும் நம்மோடு வந்தார். பூத்தட்டு மடியிலேயே இருந்தது. நேயர்களே, வண்டியை உயர்த்துமுன் அதில் ஏறுவோரையும் ஒருகணம் நினையுங்கள்!