ஊவா அணி எங்கே?

2012இல் இலங்கை பிரீமியர் லீக்கில் மாகாணப் பெயர் தாங்கிய ஏழு அணிகள் மோதின. வென்றது ‘ஊவா நெக்ஸ்ட்’. ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலவிலும் மட்டுமே. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. எங்களிடமிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பின்னர் அதுவும் போயிற்று. 2020இல் லங்கா பிரீமியர் லீக் ஐந்து அணிகளுடன் வந்தது: கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். அமெரிக்காவில் பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமே தொலைக்காட்சிப் பணத்தின் பின்னால் 2024இல் அட்லாந்திக் கரையோரக் கூட்டமைப்புக்குப் போனது. வணிகம் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் 2022இல் தேசிய சுப்பர் லீக் என்ற முதல்தரப் போட்டியிலும் அதே ஐந்து பெயர்கள் ஏன்? பசறைத் தோட்டப் பாடசாலையில் வேகமாகப் பந்துவீசும் பையன் எந்த ஊர் அணியின் வாசலில் போய் நிற்பான்? கிரிக்கெட் நிறுவனம் பதில் சொல்லட்டும்.